வெள்ளத்தில் இறங்கிய ஜீப்பும் ஆடிய முன்சக்கரமும்

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து பண்ருட்டித் தோப்புக்கு நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போவேன். இருபது வருடமாக அதே சாலை, அதே ஜீப். எந்தப் பள்ளத்தில் ஸ்டியரிங் எவ்வளவு உதறும் என்பது கைக்குப் பழகிப்போன விஷயம். அதனால்தான் 2025 பிப்ரவரியில் ஒரு நாள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைத் தாண்டி நல்ல தார் ரோட்டில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கியதும் வண்டியை ஓரம் கட்டினேன். டயரில் காற்று சரியாக இருந்தது. வீல் நட்டெல்லாம் இறுக்கமாக இருந்தன. மறுபடி எடுத்து ஓட்டியபோது இன்னும் இரண்டு விஷயம் பிடிபட்டது. இடப்பக்கம் வளைத்தால் 'கர்ர்' என்று ஒரு சத்தம்; வலப்பக்கம் வளைத்தால் அது அடங்கிவிடுகிறது. பிரேக் மிதித்தால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது.

வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் கோளாறு வலது சக்கரத்தில்தான். தோப்பில் போய் நிறுத்தியதும் வலது முன் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், புறங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. இடது ஹப் வெறும் வெதுவெதுப்பாக இருந்தது.

சக்கரத்தில் ஆட்டம் அன்றைக்குத்தான் வந்தது என்று சொல்ல முடியாது. ஜனவரியிலேயே லேசாக இருந்தது. அப்போது ஒரு பட்டறையில் காட்டினேன். வெளி மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் நட்டைப் பலமாக இறுக்கி, "ஆட்டம் போச்சு சார்" என்று அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் உண்மையிலேயே போயிருந்தது. இரண்டு வாரம் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சக்கரம் உரசாமல் சுற்ற உதவும் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

வண்டி பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி. பானெட் உயரமாக இருக்குமே, அந்த வகை. அப்பா அரசு ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் போட்டோமே தவிர, கீழே இருப்பதெல்லாம் அமெரிக்காவின் வில்லீஸ் கம்பெனி காலத்து அமைப்புதான். மஹிந்திரா 1940களின் இறுதியில் வில்லீஸ் ஜீப்பை இங்கே பாகங்களைப் பூட்டித் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் முன் ஹப்பின் அடிப்படை அமைப்பு அதற்குப் பிறகு வெகுகாலம் பெரிதாக மாறவில்லை. அதனால் பழைய வில்லீஸ் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் முறையே இன்றைக்கும் என் சக்கரத்துக்குப் பொருந்துகிறது. இப்படியொரு வண்டியை வைத்திருப்பதில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சரி, கோளாறு எங்கிருந்து வந்தது? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை புரண்டது. குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் வெள்ளம். சாப்பாட்டுப் பொட்டலம், பால் பாக்கெட், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் ஓட்டினோம். பல இடங்களில் தண்ணீர் ஹப்புக்கு மேலே நின்றது. வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் எஞ்சின் ஆயில் மாற்றினேன், கியர் பாக்ஸிலும் ஆக்சிலிலும் ஆயில் மாற்றினேன். ஹப்பை மட்டும் திறக்கவில்லை.

ஹப்புக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் இருக்கிறதே, அது தடுக்காதா என்று என் அக்கா மகனும் கேட்டான். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாக, விரிந்து இருக்கும். அந்த ஹப்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். வெளியே இருப்பது தண்ணீர். சீல் புதிதாக, உதடு மெத்தென்று இருந்தால் ஓரளவு தாங்கும். பல வருடம் ஓடிக் கெட்டிப்பட்ட சீல் தாங்காது. அதிலும் நான் ஹப்புக்கு மேல் தண்ணீர் இருக்கும்போதே வண்டியை நிறுத்தி நிறுத்தி ஆட்களை இறக்கி ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹப் ஒரு மிடறு குடித்திருக்கும். இப்போதெல்லாம் தண்ணீரில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் வண்டியை ஆற விடுகிறேன். அவசர நேரத்தில் அது முடியாது என்பதும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். முதுநகரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். இப்போது பட்டறை வைத்திருக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து இந்த ஜீப்பைப் பார்த்தவர். அவரிடமிருந்து ஹப் நட்டுக்கான பெரிய பாக்ஸ் ஸ்பேனரை வாங்கப் போனால், "நானும் வர்றேன் தம்பி, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று கூடவே வந்துவிட்டார். வந்ததும் வேலையில் கை வைக்கவில்லை. புங்க மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எங்களைச் செய்ய விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய உதவி.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். ஸ்டாண்டு இல்லாதவர்கள் ஹாலோ பிளாக்கை அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நொடியில் நொறுங்கிவிடும். கனமான மரக்கட்டை கிடைக்கவில்லை என்றால் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். 'டொக் டொக்' என்று நன்றாகவே ஆடியது. ஆனால் இதை வைத்து மட்டும் வீல் பேரிங் என்று முடிவு கட்ட முடியாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் ஆடும். அக்கா மகனை ஏறி பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அழுத்தியதும் ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மும், அதன் பின்னால் சுற்றாமல் நிற்கும் பேக் பிளேட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வீல் பேரிங்கில் இருக்கும் ஆட்டம் அதோடு மறைந்துவிடும், கிங்பின்னில் இருந்தால் அப்படியே இருக்கும். இந்த ஒரு சோதனை பல பேரைத் தேவையில்லாத கிங்பின் வேலையிலிருந்து காப்பாற்றும்.

லேத் பட்டறை நண்பரிடம், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இரவல் வாங்கியிருந்தேன். அதை ஹப்பின் முகத்தில் வைத்து, ஹப்பை உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பார்த்தேன். 0.7 மி.மீ. ஆட்டம். சாய்வான உருளைகள் உள்ள இந்த மாதிரி டேப்பர் ரோலர் பேரிங்கில் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை இருக்கலாம். அதாவது மேல் வரம்பைப்போல ஐந்து, ஆறு மடங்கு.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தினோம். டிரம் தேய்ந்து ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால், தளர்த்தாமல் இழுக்கும்போது ஷூவில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் நடு மூடியைத் தட்டி எடுத்து, ஆக்சில் முனையில் இருக்கும் சர்க்கிளிப் என்ற வளையப் பூட்டைக் கழற்றி, ஆக்சிலின் சுழற்சியை ஹப்புக்குக் கடத்தும் டிரைவ் ஃபிளான்ஜின் ஆறு போல்ட்டுகளையும் எடுத்து, ஃபிளான்ஜை உருவினோம். உள்ளே பார்த்ததும் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

இந்த ஹப்பில் இரண்டு நட்டுகள். உள் நட் பேரிங்கைச் சரியான அளவில் பிடிக்கும். அதன் மேல் ஒரு தகட்டு வாஷர். அதற்கு மேல் வெளி நட், பூட்டு மாதிரி. வாஷரின் விளிம்பை நட்டின் மேல் மடக்கி விட்டால்தான் எதுவும் தானாகச் சுற்றாது. என் ஹப்பில் அந்த வாஷர் தட்டையாக இருந்தது. பழைய மடிப்பு உடைந்து போயிருக்க, புதிதாக ஒரு பக்கமும் மடக்கப்படவில்லை. வெளி நட் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா நட்டு ரெண்டும் கழண்டு மூடிக்குள்ளயே உருண்டிருக்கும்" என்றார் அண்ணன். குரலில் கோபம் இருந்தது. அவர் காலத்தில் வாஷர் மடக்காத வண்டியை வெளியே விட மாட்டார்கள்.

நட்டுகளை எடுத்துவிட்டு ஹப்பை டிரம்மோடு சேர்த்து ஓர் இழு இழுத்தால் வெளி பேரிங் முன்னால் வந்துவிடும். கீழே மண்ணில் விழாமல் பிடிக்க ஒரு கை தயாராக இருக்க வேண்டும். மொத்தமும் உருவி எடுத்து பெஞ்சில் கவிழ்த்தோம்.

கிரீஸ் கிரீஸாக இல்லை. உள் பேரிங் பக்கம் பால் அதிகமாக ஊற்றிய காபி நிறத்தில் வழிந்தது. விரலால் தொட்டு வழித்தபோது நடுவே சிறு சிறு தண்ணீர் முத்துகள். வெளி பேரிங் பக்கம் நேர் எதிர்: கருத்து, காய்ந்து, அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடை. பிரேக் ஷூ முழுக்க எண்ணெய்ப் பசை. இடப்பக்கம் இழுத்ததற்கு அதுதான் காரணம், வலது பிரேக் சரியாகப் பிடிக்கவே இல்லை. முகர்ந்து பார்க்கச் சொன்னார் அண்ணன். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் இருக்கும். அது இல்லை. அப்படியென்றால் ஆக்சில் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளுக்குள் இருக்கும் சீல் கசியவில்லை, வந்தது வெளித் தண்ணீர்தான்.

பிரேக் தூசியைப் பற்றி ஒன்று. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். காற்று அடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பேரிங்குகளை டீசலில் ஊற வைத்துப் பிரஷால் கழுவினேன். கழுவிய பிறகுதான் கதை முழுவதும் தெரிந்தது. உள் பேரிங்கின் கப்பை, அதாவது ரோலர்கள் ஓடும் வெளி வளையத்தை, வெயிலில் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பாதையில் குறுக்கே சாம்பல் நிறக் கோடுகள், சீப்பின் பல்லைப்போல ஒரே இடைவெளியில். ரோலர்கள் நின்ற இடத்தில் நின்றபடியே தண்ணீர் தங்கி அரித்த தடம் அது. வெள்ளம் முடிந்து வண்டி சும்மா நின்ற நாட்கள் எல்லாம் அங்கே பதிந்திருந்தன. ஒரு கோட்டின் மேல் நகத்தை ஓட்டினேன். நகம் தட்டியது. நகம் தட்டினால் அந்த பேரிங்கை வைக்கவே கூடாது.

வெளி பேரிங்கின் கதை வேறு. ரோலர்களில் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் ஏறியிருந்தது. இரும்பு அதிகச் சூடு கண்ட நிறம். முன் ஹப்பில், ரோலர்கள் பொருந்திய உள் வளையமான கோன் சுற்றாது, கப்தான் ஹப்போடு சேர்ந்து சுற்றும். அதனால் கோனின் கீழ்ப்பக்கம் எப்போதும் வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். ரோலர்களுக்கு இடையே டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கீழ்ப்பக்கம் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. ஜனவரியில் போட்ட இறுக்கத்தின் வேலை இது. துருப் பிடிக்கத் தொடங்கிய பேரிங்கை இறுக்கினால் ஆட்டம் போய்விடும். ஆனால் ரோலருக்கும் பாதைக்கும் நடுவே கிரீஸ் நிற்க இடம் இருக்காது. சூடேறும், செதில் பெயரும், பெயர்ந்த இடத்தில் மறுபடி ஆட்டம் வரும். டேப்பர் பேரிங்குக்குக் கொஞ்சம் தளர்ச்சி வேண்டும். ஆடுகிறது என்று யாராவது நட்டை மட்டும் இறுக்கினால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லிவிட்டு ஹப்பை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரிங் எண் கோனில் 18590, கப்பில் 18520. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே எண்தான், இது வில்லீஸ் ஹப்பின் நல்ல குணம். உள் விட்டம் 41.275 மி.மீ., அதாவது 1 5/8 அங்குலம். அங்குல அளவு என்பதால் கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் பேரிங்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்க வேண்டாம். திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கேட்டேன். ஒரு கடையில் இருந்ததை எடுத்துப் பார்த்தால், அட்டைப் பெட்டியில் நல்ல பெயர், பேரிங்கின் மேல் எண் பொறித்த விதம் கோணல் மாணல். கோனைக் கையில் பிடித்துச் சுற்றும்போதே உரசியது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதுச்சேரிக்கு பஸ் ஏறி, மறைமலை அடிகள் சாலைப் பக்கம் பழைய ஸ்பேர் விற்கும் கடையில் நான்கு செட்டும் வாங்கினேன். இரு பக்கத்துக்கும் ஆயில் சீல், லாக் வாஷர், ஃபிளான்ஜ் கேஸ்கெட், கிரீஸ் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. சீல் மட்டும் இரட்டை உதடு உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். ஒரு உதடு கிரீஸை உள்ளே பிடிக்கும், இன்னொன்று வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். வெள்ளத்துக்கும் கடற்கரை மணலுக்கும் இறங்கும் வண்டிக்கு அது தேவை.

கோன் புதிது என்றால் கப்பும் புதிதாக இருக்க வேண்டும். பழைய கப்பிலேயே புதுக் கோனை ஓட விட்டால் சில மாதத்தில் திரும்ப இதே வேலைதான். பழைய கப்பை எடுக்க, ஹப்புக்குள் பின்பக்கமாகப் பித்தளைக் கம்பியை விட்டு, கப்பின் விளிம்பில் வைத்து அடித்தேன். ஒரே பக்கம் அடித்தால் கோணலாக மாட்டிக்கொள்ளும். மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி, பிறகு பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி இறக்க வேண்டும். அக்கா மகன் உளியை எடுத்து வந்தான். "உளி வேணாம் மாப்ள, ஹப்புல கீறல் விழுந்துடும்" என்று வாங்கி வைத்தேன்.

புதுக் கப்புகளை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். குளிரில் ஒரு இழை சுருங்கும், ஹப் வெயிலில் ஒரு இழை விரிந்திருக்கும். பழைய கப்பின் வெளிப்பக்கத்தை கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கி வைத்திருந்தேன். அதைப் புதுக் கப்பின் மேல் கவிழ்த்து அடித்தால் அடி சமமாக விழும், தேய்த்ததால் உள்ளே சிக்கவும் செய்யாது. முதலில் 'தொம் தொம்' என்று கேட்ட சத்தம், கப் அடியில் போய் உட்கார்ந்ததும் 'கணீர்' என்று மாறியது. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். சந்தேகத்துக்கு 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை அடியில் விட்டுப் பார்த்தேன், எந்தப் பக்கமும் நுழையவில்லை.

ஹப் ஏறி நிற்கும் அச்சான ஸ்டப் ஆக்சிலில் சீல் உதடு உரசும் இடத்தில் துருப் புள்ளிகள் இருந்தன. 400 எண் எமெரித் தாள், பிறகு 600, எண்ணெய் தொட்டுச் சுற்றிலும் தேய்த்தேன். அங்கே சொரசொரப்பு இருந்தால் புதுச் சீலின் உதடு ஒரே மாதத்தில் அறுந்துவிடும். கோன் உட்காரும் இடங்கள் நன்றாகவே இருந்தன. புதுக் கோன் கையாலேயே வழுக்கிக்கொண்டு போனது.

இனி கிரீஸ். கடையில் 'எம்.பி. 3' என்று கேட்டால் தருவது லித்தியம் கிரீஸ், வீல் பேரிங்குக்கு அது சரி. ஸ்பிரிங் ஷேக்கிள் மாதிரி இடங்களுக்கு அடிக்கும் சேசிஸ் கிரீஸ் பெரும்பாலும் கால்சியம் வகை. தண்ணீரைத் தாங்கும், ஆனால் 100 டிகிரி அருகிலேயே உருகி வழியத் தொடங்கும். பிரேக் சூடு ஏறும் ஹப்பில் அதை வைக்கவே கூடாது. லித்தியம் கிரீஸின் உருகு நிலை 180 டிகிரிக்கும் மேல். இரண்டு வகையையும் கலக்காமல் இருப்பதே நல்லது. அதனால்தான் பழையதைச் சொட்டு மிச்சமில்லாமல் கழுவி, டீசல் வாடை போகும்வரை காய வைத்தேன். கழுவிய பேரிங்கை கம்ப்ரஸர் காற்றில் சுழல விட்டு விளையாடுவதைச் சில பட்டறைகளில் பார்க்கலாம். அந்த வேகத்தில் ரோலர் தெறித்தால் கண் போய்விடும்.

பேரிங்குக்குள் கிரீஸ் ஏற்றுவதை அண்ணன்தான் செய்து காட்டினார். இடது உள்ளங்கையில் ஓர் எலுமிச்சை அளவு கிரீஸ். வலது கையில் கோன், அகலமான பக்கம் கீழே. கோனின் விளிம்பை உள்ளங்கை ஓரத்தில் அழுத்தி அழுத்தி வெட்டுவதுபோல இழுத்தார். ஐந்தாறு அழுத்தலில், மேல் பக்கம் ரோலர்களுக்கு நடுவிலிருந்து கிரீஸ் அச்சிலிருந்து இடியாப்பம் வருவதுபோல இழையிழையாக எழும்பியது. "இப்படி வந்தாத்தான் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். வெளிய பூசுறது பூசுறதுதான்." கொஞ்சம் சுற்றி அடுத்த இடம். ஒரு கோனுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்ததை நான் செய்தேன், மூன்றாவதை அக்கா மகன். அவன் செய்ததை அண்ணன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓர் இடத்தில் இழை வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

ஹப்பின் நடுக்குழியை முழுக்க நிரப்பக் கூடாது. சுவரோடு சுற்றி ஒரு விரல் கனத்துக்கு வைத்தால் போதும். நிறைய வைத்தால் நல்லது என்று நினைப்போம். ஓடும்போது அது கடைந்து கடைந்து சூடேறும், போக இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் இறங்கும். உள் கோனை வைத்து, சீலின் ஸ்பிரிங் பக்கம் பேரிங்கைப் பார்க்கும்படி வைத்து, தட்டையான மரக்கட்டையால் தட்டி இறக்கினோம். உதட்டிலும் லேசாக கிரீஸ் தடவினேன். பிரேக் ஷூவைக் காப்பாற்ற முடியவில்லை. லைனிங்கில் ஊறிய எண்ணெய் எரித்தாலும் கழுவினாலும் முழுதாகப் போகாது. புது லைனிங் ஒட்டிய ஷூவாக இரு பக்கமும் மாற்றிவிட்டேன்.

ஹப்பை நேராகப் பிடித்து ஏற்றினோம். கோணலாக ஏற்றினால் ஸ்டப் ஆக்சிலின் மரை புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். வெளி கோன், வாஷர், உள் நட். எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமான கட்டம் இதுதான். சர்வீஸ் புத்தக முறை: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, அது இறுகிப் பிடிக்கும்வரை நட்டை இறுக்கு, பிறகு ஆறில் ஒரு சுற்று, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம், தளர்த்து. நட் அறுகோணம் என்பதால் ஆறில் ஒரு சுற்று என்றால் நட்டின் ஒரு முகம். சுற்றாமல் நிறுத்தி வைத்து இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் சரியாக உட்காராது, அளவு பொய்யாகிவிடும். அதனால் அக்கா மகன் இரண்டு கையாலும் சுற்ற, நான் இறுக்கினேன்.

ஒரு முகம் தளர்த்தினேன். சுலபமாகச் சுற்றியது, ஆட்டமும் இல்லை. லாக் வாஷர் போட்டு வெளி நட்டை நன்றாக இறுக்கினேன். சக்கரம் மறுபடி கனமாகிவிட்டது. ஒன்றும் புரியாமல் அண்ணனைப் பார்த்தேன். "வெளி நட்டு உள் நட்டைத் தள்ளுது தம்பி. மரையில இருக்குற இடைவெளி அளவுக்கு உள்ள போகும். அதுக்கும் சேர்த்து முதல்லயே விட்டு வை." எல்லாவற்றையும் கழற்றி, உள் நட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பூட்டினேன். இப்போது கூடுதல் ஆட்டம். மூன்றாவது முறை அமைந்தது. டயல் கேஜில் 0.08 மி.மீ. வெளி நட்டை இறுக்கிய பிறகு வரும் அளவுதான் கணக்கு, அதற்கு முன் பார்ப்பது கணக்கில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துப் புரிந்துகொண்டதில்லை, கையில்தான் புரிந்தது.

வாஷரின் ஒரு ஓரத்தை உள் நட்டின் மேலும், எதிர் ஓரத்தை வெளி நட்டின் மேலும் மடக்கினேன். புது வாஷர்தான். ஒருமுறை மடக்கிய இடத்தை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் உடையும்.

இடது பக்கம் ஞாயிறு காலையில். வீல் நட்டைக் கழற்ற அக்கா மகன் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. "மாமா, துருப் பிடிச்சிருச்சு" என்றான். துரு இல்லை. என் வண்டியில் இடது பக்க வீல் நட்டுகள் இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். அவன் மறுபக்கம் சுற்றி இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் நட்டின் முகத்தில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை வையுங்கள். அந்த ஹப்பில் கிரீஸ் பால் நிறமாகத் தொடங்கியிருந்தது, பேரிங்கில் அரிப்புக் கோடுகள் லேசாக. நகம் தட்டவில்லை. ஆனாலும் வாங்கியதைப் போட்டுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன், அகல டயர் உரசாமல் இருக்க இரு முன் சக்கரத்துக்கும் ஒன்றரை அங்குல ஸ்பேசர் போட்டிருந்தேன். அதைத் திரும்ப மாட்டவில்லை. சக்கரத்தின் பாரம் இரண்டு பேரிங்குக்கும் நடுவே இறங்கும்படிதான் ஹப்பை அமைத்திருக்கிறார்கள். ஸ்பேசர் அதை வெளியே தள்ளுகிறது, வெளி பேரிங் கூடுதலாகச் சுமக்கிறது. தோப்பின் செம்மண் பள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலிலும் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்திருக்கும். பார்க்க எடுப்பாக இருந்தது உண்மை. பழைய ஒல்லி டயருக்கே திரும்பிவிட்டேன், சேற்றிலும் அதுதான் நன்றாக இறங்கிப் பிடிக்கிறது.

ஞாயிறு மாலை தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி ரெட்டிச்சாவடி, கன்னியகோவில் வரை ஓட்டினேன். முதல் 5 கிலோமீட்டரில் ஒருமுறை, கன்னியகோவிலில் ஒருமுறை இறங்கி இரண்டு ஹப்பிலும் கை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு. பிரேக் நேராகப் பிடித்தது. 60இல் கூட ஸ்டியரிங் நடுங்கவில்லை. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி தூக்கி டயல் கேஜ் வைத்தேன். வலது 0.10, இடது 0.09. கப் இன்னும் ஒரு இழை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நட்டைத் தொடவில்லை.

கோடு விழுந்த அந்தக் கப்பை அண்ணன் கழுவித் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவர் தெருவில் புதிதாக வேலை பழகும் பையன் ஒருவன் இருக்கிறானாம், அவன் நகத்தை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.